எம்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரின்போது, 1914-ல், சென்னையைச் சுட்ட ஜெர்மன் கப்பலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள். கதைகள் நிறைய உலவுகின்றன. இங்கே கொதிகலன், கரி, பீரங்கி ஆகியவற்றின் கணக்குக்கே முதலிடம்.

எம்டன் பெரிய போர்க்கப்பலா?

இல்லை. அக்கால அளவில் சிறிய கப்பல்தான். ஜெர்மன் கடற்படையே அதைச் 'சிறு குரூசர்' (வேகமாக ரோந்து சுற்றும் போர்க்கப்பல்) என்றுதான் வகைப்படுத்தியது. நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், முழுச் சுமையோடு எடை சுமார் 4,270 டன். டான்சிக் அரசுக் கப்பல் தளத்தில் 1906-ல் கட்டத் தொடங்கி, 1908 மே மாதம் நீரில் இறக்கி, 1909 ஜூலையில் பணியில் சேர்த்தார்கள். ஆள்பலம் ஏறத்தாழ 360.

ஆயுதம்: 10.5 செ.மீ. பீரங்கி பத்து, 5.2 செ.மீ. சிறு பீரங்கி எட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து தாக்கும் குண்டு) குழாய்கள். முன்புறம் இரண்டு பீரங்கிகள் அருகருகே, பின்புறம் அதேபோல் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. ஆகவே ஒரு பக்கமாகச் சுடும்போது வேலை செய்வது ஐந்து மட்டும். இந்த 'ஐந்து' பின்னால் வரும் சண்டையில் முக்கியம்.

கவசம் தளத்தில் உண்டு, அதிகபட்சம் 80 மி.மீ. பக்கவாட்டில் கவசப் பட்டை கிடையாது. கப்பலின் இரு விலாவிலும் இருந்த கரி அறைகளே அங்கே அரைகுறைக் கவசம். கரி தீரத் தீர அந்தக் காப்பும் தீரும்.

இயந்திரம் எப்படிப்பட்டது?

பன்னிரண்டு கரிக் கொதிகலன்கள், மூன்று புகைபோக்கிகள், இரண்டு நீராவி இயந்திரங்கள், 13,500 குதிரைத்திறன், 23.5 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) வேகம். இதன் சகோதரக் கப்பல் டிரெஸ்டனில் நீராவியால் சுழலும் புதிய டர்பைன்களைப் பொருத்திச் சோதித்தார்கள். எம்டனுக்குப் பழைய பிஸ்டன் இயந்திரமே கிடைத்தது. மெதுவாக ஓடும்போது அக்கால டர்பைன்களைவிடப் பிஸ்டன் இயந்திரம் சிக்கனம். எம்டனின் நாட்களில் பெரும்பகுதி மெதுவாக ஊர்ந்து இரை தேடுவதில்தான் கழிந்தது. எனவே பழையது கிடைத்ததே அதற்கு நல்லதாயிற்று.

கரி எத்தனை நாளைக்கு வரும்?

எம்டனின் மொத்தப் பயணத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே விளக்கிவிடலாம்.

கொள்ளளவு 860 டன். 12 நாட் வேகத்தில் 3,760 கடல்மைல் போகலாம் என்பது அதன் கணக்கு. அதாவது 313 மணி நேரம், பதின்மூன்று நாள். நாளொன்றுக்குச் சுமார் 65 டன் எரிகிறது.

வேகத்தைக் கூட்டினால் கணக்கு தலைகீழாகிறது. வேகம் இரட்டிப்பானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். அந்தக்கால இயந்திரங்கள் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியைத் தின்றன. 13,500 குதிரைத்திறனுக்கு மணிக்குப் பதின்மூன்று டன். முழு வேகத்தில் மூன்றாம் நாளே அறை காலி. இத்தனை கரியையும் மண்வெட்டியால் அள்ளி அள்ளி உலையில் போட்டவர்கள் மனிதர்கள், அதுவும் வெப்பமண்டலக் கடலில், தளத்துக்குக் கீழே.

ஆகவே எதிரிக் கப்பலைப் பார்த்ததும் பறந்து தப்பும் கப்பலாக எம்டனைக் கற்பனை செய்ய வேண்டாம். ஓடினால் கரி போகும், கரி போனால் எங்காவது நின்று ஏற்ற வேண்டும், நின்றால் பிடிபடும்.

எல்லாக் கரியும் ஒன்றுதானே?

வேல்ஸ் கரியும் வங்காளக் கரியும் ஒன்றில்லை. கார்டிஃப் துறைமுகத்திலிருந்து வந்த வேல்ஸ் கரி அதிகச் சூடு தரும், புகை குறைவு, சாம்பல் குறைவு. கல்கத்தாவில் ஏற்றப்பட்ட இந்தியக் கரி கறுப்பாகப் புகையும், உலைத்தட்டில் கட்டி தட்டும், குழாய்களில் புகைக்கரி படியும். அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஒளிந்து திரியும் கப்பலுக்கு அடிவானத்துக்கு மேல் எழும் புகைத்தூண் பெரிய தலைவலி.

செப்டம்பர் 10-ஆம் தேதி வங்கக் கடலில் எம்டன் பிடித்த கிரேக்கக் கப்பல் பொண்டோபொரோஸில் இருந்தது இந்தியக் கரி. அதை விடாமல் கூடவே வைத்துக்கொண்டார்கள், பசிக்குச் சோளக்கஞ்சி மாதிரி. மூன்று நாள் கழித்து கரி ஏற்றிய இன்னொரு கப்பல், கில்லின், சிக்கியது. அதை மூழ்கடித்தார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி பியூரெஸ்க் என்ற கப்பல் பிடிபட்டது. உள்ளே ஆறாயிரம் டன்னுக்கு மேல் வேல்ஸ் கரி, பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போய்க்கொண்டிருந்தது. எம்டன் பிடித்தவற்றில் எது மதிப்பு மிக்கது என்று கேட்டால் தேயிலையும் சணலும் ஏற்றிய கப்பல்களை விட்டுவிட்டு பியூரெஸ்க்கைச் சொல்லலாம்.

நடுவழியில் கரி ஏற்றுவது எப்படி?

காற்று மறைவான தீவோரம் அல்லது பவளத் தீவுக்கூட்டம் வேண்டும். நிக்கோபார், சிமலூர், மாலத்தீவுப் பகுதி ஆகியவை எம்டனுக்குப் பயன்பட்டன. கரிக்கப்பலை விலாவோடு விலா கட்டி, இரண்டுக்கும் நடுவே கயிற்றுப் பந்துகளும் பாய்மூட்டைகளும் தொங்கவிடுவார்கள். கரிக்கப்பலின் அடியறையில் ஆட்கள் இறங்கிச் சாக்கில் நிரப்ப, அதன் தூக்கி சாக்குகளை எம்டனின் தளத்தில் இறக்கும். அங்கிருந்து சறுக்குக் குழிகள் வழியே கரி அறைக்குள் தள்ளி, உள்ளே இருப்பவர்கள் மூலை முடுக்கெல்லாம் பரப்ப வேண்டும். அறை நிறைந்த பிறகும் தளத்தில் குவிப்பார்கள்.

கெடுவது இரண்டு விதம். ஒன்று, அலை எழும்பினால் இரண்டு கப்பல்களும் மோதிக்கொள்ளும். பக்கத்தகடு நசுங்கும், தடுப்புக் கம்பிகள் வளையும். இரண்டு, தளத்தில் குவியும் கரி பீரங்கிகளைச் சுற்றி நிற்கும். அந்த நேரத்தில் எதிரி வந்தால் முதலில் கரியைக் கடலில் தள்ள வேண்டும், பிறகுதான் சண்டை. நடுநிலை நாட்டுக் கடற்பகுதியில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்ற சட்டச் சிக்கல் தனி.

நாலாவது புகைபோக்கி உண்மையா?

உண்மைதான். மூன்று புகைபோக்கியோடு கிழக்குக் கடலில் திரிந்தால் பார்த்த உடனே ஜெர்மன் கப்பல் என்று தெரிந்துவிடும். பிரிட்டிஷ் குரூசர் யார்மவுத்துக்கு நான்கு. எனவே துணைக் கேப்டன் ஹெல்முட் ஃபான் முக்கேயின் யோசனைப்படி மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு நாலாவதை எழுப்பினார்கள். வேண்டாதபோது இறக்கிவிடலாம்.

இது சண்டையில் எதிரியை ஏமாற்றும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். சுடும் தருணத்தில் சொந்தக் கொடி ஏற்ற வேண்டும் என்பது அன்றைய விதி, எம்டன் அதை மீறவில்லை. வேடம் உதவியது தூரத்தில் போகும் வணிகக் கப்பல்கள் பயந்து திரும்பாமல் இருக்கவும், பார்த்தவர்கள் தவறான தகவல் சொல்லவும், சுடும் முன் சந்தேகமின்றி நெருங்கவும்தான்.

பிடித்த கப்பலை என்ன செய்தார்கள்?

வரிசை இது: நிற்கச் சொல்லிக் கொடிச் சைகை, கேட்காவிட்டால் முன்னால் ஒரு வெற்று வேட்டு, வானொலியைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கை. பிறகு படகில் ஓர் அதிகாரியும் ஆயுதம் ஏந்திய சிலரும் ஏறிக் காகிதங்களைப் பார்ப்பார்கள். நடுநிலை நாட்டுக் கப்பலும் சரக்கும் என்றால் விட்டுவிட வேண்டும். இத்தாலியக் கப்பல் லோரதானோவை அப்படித்தான் விட்டார்கள். அது போய்ச் செய்தி சொல்லிவிட்டது. சட்டத்தை மதித்ததற்குக் கொடுத்த விலை.

பகைநாட்டுக் கப்பலானால் வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஆட்களை வேறொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். இதற்கென்றே ஒரு கப்பலை மூழ்கடிக்காமல் வைத்திருந்து, அது நிறைந்ததும் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ஜெர்மானியர் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பழந்துணி பொறுக்கி'. கபிங்கா என்ற கப்பல் அப்படி விடுதலையானது.

மூழ்கடிக்க எளிய வழி, இயந்திர அறையில் கடல்நீர் வால்வுகளைத் திறப்பது. சரக்கறை மூடிகளையும் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று கப்பலைத் தாங்கிப் பிடிக்கும், மணிக்கணக்கில் மூழ்காது. அவசரமானால் வெடிமருந்து வைப்பார்கள் அல்லது நீர்மட்டத்தில் குண்டு போடுவார்கள். ஆனால் மொத்தமே 1,500 குண்டுகள், மீண்டும் நிரப்ப வழியில்லை. அதனால் பீரங்கி கடைசி உபாயம்.

முதலில் பிடித்த பிரிட்டிஷ் கப்பல் இண்டஸில் ஏராளமாகச் சோப்பு கிடைத்தது. கரி ஏற்றும் கப்பலில் சோப்பின் அருமை சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் சரியாக என்ன நடந்தது?

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி அளவில் எம்டன் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்றது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் ஊர் விளக்குகளை அணைக்கவில்லை. அன்று கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. கடலிலிருந்து வருபவனுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 130 குண்டுகள். அரைமணிக்குள் வேலை முடிந்தது. இரண்டு தொட்டிகள் எரிந்தன, வேறு சில சேதமடைந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சில முறை சுட்டன, ஒன்றும் படவில்லை.

சென்னையைச் சுட்டதால் எம்டனுக்கு என்ன லாபம்?

பொருள் லாபம் எதுவுமில்லை. எம்டன் கரியில் ஓடிய கப்பல், அந்த எண்ணெய் அதற்கு உதவாது. கைவசம் இருந்த குண்டுகளில் பதினொன்றில் ஒரு பங்கு ஒரே இரவில் போனது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தன் நோக்கத்தைப் பின்னாளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: இந்திய மக்களின் கவனத்தை ஈர்ப்பது, ஆங்கிலேயரின் வணிகத்தைக் குலைப்பது, அவர்களின் மதிப்பைக் குறைப்பது. அந்த அளவில் பலித்தது. பட்டணத்திலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள்.

எண்ணெய்த் தொட்டியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. கிடங்கை இடித்தால் ஊருக்குத் தெரியாது. எண்ணெய் எரிந்தால் இரவெல்லாம் வானம் சிவந்திருக்கும்.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தாரா?

இல்லை. மேடைகளில் மிகவும் பிடித்த கதை இது, ஆனால் நாள் கணக்கு இடிக்கிறது. 1914-ல் அவர் சூரிச்சில் இருந்தார், அக்டோபரில் பெர்லின் போனார். எம்டனோ போர் தொடங்கும் முன்பே சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்தது, ஆகஸ்டில் பசிபிக் பெருங்கடல் வழியாகக் கிளம்பியது. ஐரோப்பாவில் இருந்த ஒருவர் அதில் ஏற வழியே இல்லை. அவருடைய அரசியல் வாழ்வுக்கு இந்தக் கதையின் துணை தேவையும் இல்லை.

இத்தனை நாடுகள் தேடியும் ஏன் அகப்படவில்லை?

தேடியவை பிரிட்டனின் ஹாம்ப்ஷயர், யார்மவுத், ஜப்பானின் சிக்குமா, இன்னும் பல. ஆனால் இந்தியப் பெருங்கடல் பெரியது, விமானம் இல்லை, ராடார் இல்லை. பாய்மரத்தின் மேல் நிற்பவனுக்கு எட்டும் பார்வை இருபது மைல் சொச்சம். எம்டன் வானொலியில் பேசுவதைத் தவிர்த்து, மற்றவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் நாலு கப்பல் பிடித்ததும் அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போய்விடும். கல்கத்தா வழியில் தேடும்போது சென்னை, சென்னைக்குத் தேடி வரும்போது கொழும்பு, மினிக்காய்.

அக்டோபரில் இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள டீகோ கார்சியா தீவுக்கே போனார்கள். அங்கே போர் தொடங்கிய செய்தியே எட்டவில்லை. கப்பலை ஒருபக்கமாகச் சாய்த்து, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டினார்கள். வெப்பக்கடலில் சில மாதம் உலர்துறை காணாத கப்பலுக்கு வேகம் குறையும், கரிச் செலவு கூடும். சுரண்டலும் முழுமையாக இராது, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரைதான் கை எட்டும்.

பினாங்கில் ரஷ்யக் கப்பல் அவ்வளவு எளிதாக எப்படி மூழ்கியது?

அக்டோபர் 28 விடியற்காலை. ஷெம்சுக், 1905-ல் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்போரில் தப்பிய ரஷ்யக் குரூசர், துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்தது. அதன் கேப்டன் இரவு கரையில் தங்கிவிட்டார். காவலும் ஆயத்தமும் மோசம். போலிப் புகைபோக்கியோடு உள்ளே நுழைந்த எம்டன், சில நூறு மீட்டர் தூரத்தில் ஜெர்மன் கொடியை ஏற்றி டார்பிடோ விட்டது, பீரங்கியாலும் சுட்டது. திரும்பி வந்து இன்னொரு டார்பிடோ. ஷெம்சுக் வெடித்து மூழ்கியது, எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெளியே வரும் வழியில் எதிர்ப்பட்ட பிரெஞ்சு நாசகாரி மூஸ்கேயையும் மூழ்கடித்து, தப்பியவர்களை நீரிலிருந்து தூக்கினார்கள்.

நங்கூரமிட்ட குரூசர் பாதுகாப்பாக இருக்கக் கொதிகலனில் நீராவி, பீரங்கியருகே ஆட்கள், கையெட்டும் இடத்தில் குண்டுகள் மூன்றும் வேண்டும். ஷெம்சுக்கில் அன்று அந்த ஆயத்தம் இல்லை. கேப்டனும் துணைக் கேப்டனும் பிறகு தண்டிக்கப்பட்டார்கள்.

கோக்கோஸ் தீவில் எம்டன் செய்த தவறு என்ன?

நவம்பர் 9 காலை, இந்தியப் பெருங்கடலில் உள்ள கோக்கோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்ஷன் தீவில் இருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழிக்க முக்கேயின் தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேரைக் கரையில் இறக்கினார்கள். நிலையத்தார் அதற்குள் 'அறியாத கப்பல் நுழைவாயிலில்' என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியத் துருப்புகளை ஏற்றிய பெரிய கப்பற்கூட்டம் ஐம்பது சொச்சம் மைல் தொலைவில் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து சிட்னி என்ற குரூசர் பிரிந்து வந்தது.

தூரத்தில் புகை தெரிந்தபோது எம்டனில் அதைத் தங்கள் கரிக்கப்பல் பியூரெஸ்க் என்றே நினைத்தார்கள். உண்மை தெரிந்ததும் கரையிலிருந்தவர்களை ஏற்ற நேரமில்லை. பயிற்சி பெற்ற பீரங்கிக்காரர்கள் பலர் தீவிலேயே நின்றுவிட்டார்கள். (வானொலிக் கம்பத்தை வெட்டும்போது டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி நிலையத்தார் கேட்க, ஜெர்மானியரும் அப்படியே செய்தார்கள் என்பது அங்கே நிலைத்துவிட்ட கதை.)

சண்டையில் வென்றது திறமையா, கணக்கா?

முதல் பத்து நிமிடம் திறமை. ஒன்பதரைக்குமேல் எம்டன்தான் முதலில் சுட்டது, ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில். எதிரி எதிர்பாராத தூரம். ஆரம்பத்திலேயே சிட்னியின் தூரமானி சிதைந்தது, அதை இயக்கியவர் இறந்தார். அந்தக் குண்டு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் பக்கத்தில் நின்ற கேப்டன் கிளாசப்பின் கதி வேறாகியிருக்கும்.

அதற்குப் பிறகு கணக்கு. இரண்டு கப்பலும் ஒரு பக்கம் ஐந்து பீரங்கிதான். எம்டனின் குண்டு சுமார் 17 கிலோ, சிட்னியின் 152 மி.மீ. குண்டு 45 கிலோ. ஒரு சுற்றுக்கு 85 கிலோவும் 225 கிலோவும். சிட்னிக்குப் பக்கக் கவசம் உண்டு, வேகமும் ஒன்றிரண்டு நாட் கூட. தனக்கு வசதியான தூரத்தை அதுவே முடிவு செய்துகொள்ளலாம்.

எம்டன் உடைந்த வரிசை பார்க்கத் தகுந்தது. முதலில் கட்டளை போகும் குழாய்களும் சுடுவதை ஒருங்கிணைக்கும் கருவிகளும் போயின. ஒவ்வொரு பீரங்கியும் தன்பாட்டுக்குச் சுட ஆரம்பித்தது. பிறகு சுக்கான். பிறகு புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. புகைபோக்கி போனால் உலைக்குக் காற்றிழுப்பு போகும், தீ மங்கும், நீராவி குறையும், வேகம் விழும். டார்பிடோ விடலாம் என்று நெருங்கப் பார்த்தபோது அதற்கான வேகம் இல்லை, பிறகு டார்பிடோ அறையிலும் நீர் புகுந்தது. பதினொன்றேகாலையொட்டி முல்லர் கப்பலை அதே தீவுக்கூட்டத்தின் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். இறந்தவர் 130-க்கு மேல். சிட்னியில் நான்கு பேர்.

பாறையில் ஏறிய பிறகும் ஏன் சுட்டார்கள்?

சிட்னி பியூரெஸ்க்கைத் துரத்திப் போய்விட்டு மாலையில் திரும்பியபோது எம்டனின் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடையும்படி சைகை காட்டினார்கள். எம்டனில் சைகைப் புத்தகங்கள் ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தன, பதில் சரியாக வரவில்லை. சிட்னி மீண்டும் சுட்டது. கொடி இறங்கியதும் நிறுத்தியது. கொடி பறந்தால் போர் முடியவில்லை என்பது விதி. ஆனாலும் இருதரப்பிலும் மனக்கசப்பை விட்டுச்சென்ற சில நிமிடங்கள் அவை.

தீவில் நின்ற ஐம்பது பேர்?

அங்கிருந்த ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்ராவின் படாங்குக்குப் போய், பிறகு ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலுக்கு மாறி யேமன் சேர்ந்து, பாலைவனத்தில் அடிபட்டு, ஹிஜாஸ் ரயில் பிடித்து 1915-ல் கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) அடைந்தார்கள்.

தமிழில் 'எம்டன்' என்று ஆளைச் சொல்வது இதனால்தானா?

ஆம். "அவன் சரியான எம்டன்" என்றால் எங்கே எப்போது வருவான் என்று தெரியாத, எதையும் சாதித்துவிடுகிற ஆள். மலையாளத்தில் 'யமண்டன்' என்றால் பிரமாண்டமானது. தமிழ் வழக்கே உண்மைக் கப்பலுக்குப் பொருத்தம்.

இன்று எங்கே என்ன பார்க்கலாம்?

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல் பலகை இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் குண்டின் சிதறல் உண்டு. எம்டனின் 10.5 செ.மீ. பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் நிற்கிறது, கப்பல் மணி கான்பராவின் போர் நினைவகத்தில். பாறையில் கிடந்த உடலை 1950-களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று வெட்டி இரும்புக்கு எடுத்துவிட்டது. மிச்சம் அலைக்கடியில் கிடக்கிறது.